பின்பக்கப் பெஞ்சு

இரண்டு மணி நேரம், பதினோரு நிமிடம்.

ஷாந்தினி அந்த மண்டபத்துக்குள் இருந்த நேரம் அது. படம் ஓடியது முப்பத்தெட்டு நிமிடம்தான். மீதி நேரம் அவள் எங்கே இருந்தாள் என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நடந்தது நடந்ததுதான். போன வருடம், ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பெம்பான் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். அவ்வளவு போதும்.

ஷாந்தினிக்கு இருபத்தாறு வயது. வேதியியல் படித்தவள். ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நான்கு பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாவதாக நிற்கக் கூச்சப்படுவாள். ஆனால் விசித்திரமான படங்கள் என்றால் உயிர். கனவு மாதிரி ஓடி, கனவு மாதிரியே அறுந்துபோகும் படங்கள். அவளும் கூட வேலை பார்க்கும் யுகேந்திரனும் அப்படிப்பட்ட படங்களுக்கென்றே முகநூலில் ஒரு பக்கம் நடத்தினார்கள். எழுதுவது அவள், பேசுவது அவன். ‘பார்க்கலாம்’, ‘பார்த்தே ஆகணும்’, ‘தனியாகப் பார்க்காதீர்கள்’ என்று மூன்றே தரம். அவளுக்கு ஒரு விதி உண்டு. கடைசி வரை பார்க்காத படத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதமாட்டாள். எவ்வளவு மோசமான படமானாலும் பாதியில் எழுந்ததில்லை.

அந்தப் பக்கத்துக்குத்தான் பவானேஸ்வரி என்ற பெண் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா அப்புசாமி, அந்தக் காலத்தில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டியவர். அவரிடம் ஒரு படச்சுருள் இருக்கிறதாம். 1979இல் தோட்டத்து அலுவலகக் கணக்குப்பிள்ளையான சின்னக் கிராணி ஒருவர் இரவல் கேமராவில் எடுத்தது. கதை கிடையாது, பேச்சு கிடையாது. ஓர் ஆள் ஒரு கதவைச் சுமந்துகொண்டு ரப்பர்ப் பால்மரங்களுக்கு நடுவே அலைகிறான். தோட்ட மண்டபத்தை அடுத்த மாதம் இடிக்கப் போகிறார்கள். அதற்குள் ஒரு தடவை அங்கேயே போட்டுப் பார்க்க அப்பா ஆசைப்படுகிறார், வருகிறீர்களா என்று கேட்டிருந்தாள்.

தோட்டத்தின் பெயரை ஷாந்தினி இரண்டு தடவை படித்தாள். அவள் அம்மா நளினி பிறந்த தோட்டம் அது. அம்மாவின் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. 1979இல் அம்மாவுக்கு ஒன்பது வயது. ஏதாவது ஓர் ஓரத்திலாவது தெரியமாட்டாளா?

அம்மா அந்தத் தோட்டத்துக்குத் திரும்பிப் போனதே இல்லை. சினிமா கொட்டகைக்கும் வரமாட்டாள். ஆனால் தோட்டத்தில் படம் பார்த்த கதையை மட்டும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். நடுவில் ஒரு வெள்ளைத் துணி கட்டுவார்களாம். முன்பக்கம் நாற்காலி போட்டு கிராணிமார் குடும்பங்கள். பின்பக்கம் லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர் சனங்கள். துணி மெல்லியது, படம் இரண்டு பக்கமும் தெரியும். பின்பக்கம் இருந்து பார்த்தால் இடம் வலமாகத் தெரியும், அவ்வளவுதான். “கதாநாயகன் எல்லாருமே எடது கைக்காரனுங்கன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்டி. ஸ்கூல்ல டீச்சர் சொல்லித்தான் தெரிஞ்சுச்சு.”

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் நாள் படையல் போடும்போது அம்மா ஒரு சின்னக் கவுனையும் வைப்பாள். ஆறு வயதுப் பிள்ளை போடும் அளவு. யாருக்கு என்று கேட்டால், “வீட்டுக் கன்னிக்கு” என்பாள். பெயர் சொல்லமாட்டாள்.

கிளேபாங் கடற்கரையில் கொக்கனட் ஷேக் குடிக்கப் போகிறோம் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு ஷாந்தினி கிளம்பினாள்.

மதியம் 1:50க்கு அவளும் யுகேந்திரனும் போய்ச் சேர்ந்தார்கள். பழைய பால்மரங்கள் போய், இப்போது சுற்றிலும் எண்ணெய்ச் செம்பனை. நடுவில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக நீளமான மண்டபம். இருட்டுக்காக சன்னல்களைப் பலகை வைத்து மூடியிருந்தார் அப்புசாமி. மண்டபத்தின் குறுக்கே, சுவரிலிருந்து சுவர் வரை வெள்ளைத் துணி. கீழ் ஓரத்தைக்கூட சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருந்தார். ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை. அப்புறம் புரொஜெக்டரின் மேல் குனிந்தவர் நிமிரவில்லை.

“நான் பின்னாடி போய் உக்காந்து பாக்கறேன்,” என்றாள் ஷாந்தினி மெதுவாக.

“ஏன், முன்னாடி டிக்கட் தீந்துபோச்சா?” என்றான் யுகேந்திரன்.

“அது எங்கம்மா சீட்டு.”

“சரி, போ லா. கடைசில துணிக்குப் பின்னால நின்னு பேய் காட்டாத. எனக்குக் கல்யாணமே ஆகல.”

அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்து மண்டபத்தைச் சுற்றிப் போனாள். பின்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். உள்ளே ஆறு பெஞ்சுகள். எண்ணிப் பார்த்தாள். எதையும் எண்ணுவது அவள் வேலைப் பழக்கம். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

2:14. துணிக்கு அந்தப் பக்கம் டக டக டக என்று புரொஜெக்டர் ஓடத் தொடங்கியது.

முதலில் எழுத்து வந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாக. அம்மா சொன்னது சரிதான். ஷாந்தினி தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

படம் உண்மையிலேயே அபூர்வமாக இருந்தது. ஓர் ஆள் கதவைச் சுமந்து வருகிறான். மரங்களுக்கு நடுவே அதை நிறுத்தி, இடது கையால் தட்டுகிறான். திறந்து உள்ளே போகிறான். வெளியே வரும்போது தோளில் வேறொரு கதவு. அடுத்து, பால்மரம் சீவும் பெண்கள் வாளியோடு பின்னோக்கி நடக்கிறார்கள். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து பால் மேலேறி, மரத்தின் காயத்துக்குள் புகுந்துகொள்கிறது. ‘பார்த்தே ஆகணும்’ என்று மனதுக்குள் தரம் போட்டுவிட்டாள்.

2:31. இதே மண்டபத்தின் வாசல் திரையில் வந்தது. மேலே பெயர்ப் பலகை. ஷாந்தினி அதைப் படித்தாள்.

படித்த பிறகுதான் உறைத்தது. எப்படிப் படிக்க முடிந்தது?

எழுத்து நேராக இருந்தது.

அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றி ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த காட்சி வந்தது. கதவுக்காரன் கதவைத் தட்டினான். வலது கையால்.

டக டக டக...

சத்தம் இப்போது முன்னாலிருந்து வரவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தாள். இருட்டு. வெளிச்சம் இல்லை, ஆள் இல்லை. சத்தம் மட்டும் இருந்தது.

படம் திரும்பவில்லை. அவள் இருந்த பக்கம்தான் திரும்பியிருந்தது.

அப்போதே எழுந்திருக்க வேண்டும். யாராக இருந்தாலும் எழுந்திருப்பார்கள். அவள் எழவில்லை. பாதிப் படத்தில் எழுந்து பழக்கமில்லை. அம்மா இன்னும் திரையில் வரவும் இல்லை.

புளித்த பாலின் வாசனை வந்தது. பின் பெஞ்சு ஒன்று முனகியது. பிறகு இன்னொன்று. அவள் வெறுங்காலின் மேல் ஏதோ லேசாக விழுந்தது. எடுத்துப் பார்த்தாள்.

கச்சாங் கடலைத் தோல். அப்போதுதான் உரித்தது.

2:44. திரையில் மண்டபத்தின் உள்பக்கம். ஆறு பெஞ்சு நிறைய சனங்கள். எல்லோரும் நேராக இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கண் இமைக்கவில்லை. முதல் பெஞ்சில் ஓர் ஆள் உட்காரும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

அவள் எழுந்தாள்.

கதவு வலது பக்கம். ஆறு அடி. கையை நீட்டிக்கொண்டு போனாள். பலகை. தடவிக்கொண்டே நகர்ந்தாள். பலகை. மூலை. மறுபடி பலகை. மூலை. கதவு இல்லை.

“யுகேன்...” என்றாள். பிறகு கத்தினாள். தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக் கத்தியதுபோல இருந்தது.

கைப்பேசியைப் பார்த்தாள். 2:44. சிக்னல் இல்லை. யுகேந்திரனை அழைத்தாள். மணி அடிக்கவில்லை. மறுபடி பார்த்தாள்.

2:44.

பெஞ்சுகளைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் பின்கோடிக்குப் போகப் பார்த்தாள். எண்ணினாள். ஒன்று... இரண்டு... மூன்று... ஆறு. கை அடுத்ததைத் தேடியது. ஏழு. எட்டு.

எட்டாவது பெஞ்சு மரமாக இல்லை.

முழங்கால்.

சூடாக இருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள்.

டக டக சத்தம் நின்றது.

துணி வெறும் வெள்ளையானது. அதில் ஒரு நிழல் விழுந்தது. அவளுடைய நிழல்.

அதைச் சுற்றிலும் தலைகள்... வரிசை வரிசையாகத் தலைகள்.

அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்ன நிழல். பக்கத்திலேயே.

இடது கைக்குள் ஒரு சின்னக் கை வந்து புகுந்தது.

“அக்கா... படம் முடிஞ்சிருச்சா?”

ஷாந்தினி ஓடினாள். துணியின் மூலையில் ஓர் ஆணி கழன்றிருந்தது. ஒரு சாண் இடைவெளி. குப்புற விழுந்தாள். தலையை நுழைத்தாள். தோளை நுழைத்தாள். சட்டம் முதுகைக் கீறியது. இடுப்பு வந்தது. கால்கள் வந்தன.

இடது கை கடைசியாக வந்தது.

அது எப்படி வந்தது என்பதை மட்டும் அன்று இரவு வரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

முன்பக்கம் காலியாக இருந்தது. வாசல் வழியே வெயில் உள்ளே கிடந்தது. படியில் யுகேந்திரன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் அவளுடைய செருப்பு.

கைப்பேசியில் மணி 4:25.

யுகேந்திரன் செருப்பைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். 2:52க்குப் படம் முடிந்தது. அவளைக் காணோம். துணியின் மூலையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஆறு பெஞ்சு. மேலே கனமாகத் தூசி. ஒரு கைத்தடம் இல்லை, கால்தடம் இல்லை. கழிவறை, செம்பனைக் காடு, ஆற்றோரம் எல்லாம் தேடியாகிவிட்டது.

“பின்கதவு வழியாத்தானே போனேன்,” என்றாள்.

அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான்.

பின்கதவின் குறுக்கே மூன்று பலகைகள். ஆணிகள் துருப்பிடித்து மரத்தோடு மரமாகிப் போயிருந்தன. அதற்கு முன்னால்தான் அவள் செருப்பு சோடியாகக் கிடந்ததாம்.

“நான் அடிச்ச ஆணிதான்மா,” என்றார் பின்னால் வந்த அப்புசாமி. “எழுபத்தொம்பதுல. இந்தப் படத்த ஒரே ஒரு தடவைதான் போட்டேன். மறுநாள் அடிச்சது.”

அவள் இடது மணிக்கட்டைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நீ யாரு மவ?”

“நளினி மக.”

அவர் பலகையில் இருந்த ஆணிகளைத் தடவிப் பார்த்தார். பிறகு, “அம்மாட்ட கையக் காட்டு,” என்றார்.

வீட்டுக்குப் போகும்போது மணி 7:10. ஷாந்தினி முழுக்கைச் சட்டைக்கு மாறிக்கொண்டாள். சாப்பிட உட்கார்ந்தாள். ரசம் ஊற்ற வந்த அம்மா குனிந்தபோது, நகர்ந்த சட்டைக் கைக்குள் அதைப் பார்த்துவிட்டாள்.

மணிக்கட்டைச் சுற்றி ஐந்து சிவந்த தடங்கள். சின்ன விரல்கள்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கொக்கனட் ஷேக் குடிக்கவா போன?”

ஷாந்தினி தலையை ஆட்டினாள். இல்லை என்று.

“கதவு தூக்கிட்டுப் போற படமா?”

ஷாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் படத்தைப் பற்றி அவள் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மா எதிரில் உட்கார்ந்தாள். குரல் நடுங்கவில்லை. நாற்பத்தைந்து வருடமாக மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருப்பாள் போல.

“அவ பேரு தேவமலர். என் தங்கச்சி. ஆறு வயசு. அன்னைக்கு மழை, அதனால மண்டபத்துக்குள்ள போட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் பின்னாடி முதப் பெஞ்சு. நடுவுல எழுத்து நேரா தெரிஞ்சுச்சு. கதவக் காணோம். துணிக்கு அடியில ஒரு சந்து. நான் நுழைஞ்சேன். அவ என் கைய விடல... பின்னாடி யாரோ அவளப் புடிச்சு இழுத்தாங்க. அவளோட சேத்து நானும் உள்ள போயிட்டிருந்தேன்.”

அம்மா மகளின் இடது கையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“ஆத்துப் பக்கம் போனான்னு எல்லார்ட்டயும் சொன்னேன். மூணு நாளு ஆத்துல தேடுனாங்க. நான் கைய உதறிட்டுத்தான் வந்தேன்னு எங்கப்பாட்டகூட சொல்லல.”

அம்மா அந்தத் தடங்களின் மேல் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

“உன்னக் கூப்பிட்டாளா?”

“அக்கான்னு கூப்பிட்டா.”

“கையப் புடிச்சாளா?”

“ம்.”

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரசம் ஆறிப்போனது. சுவர்க் கடிகாரத்தில் 7:52.

“நானும் உதறிட்டேன்மா,” என்றாள் ஷாந்தினி.