உளுந்துச் செடிக்குக் கீழே என் வாசல்

ஒரு நல்ல மனுஷனை ஹோஸ் பைப்பால் குளிப்பாட்டிவிட்டேன்!

(சண்டை இல்லை. பொறுமையாகப் படியுங்கள்.)

பாகூர் பக்கம் எங்கள் வீடு. ரோட்டை ஒவ்வொரு தடவையும் உயர்த்தி உயர்த்திப் போட்டதில் எங்கள் வாசல் பள்ளமாகிவிட்டது. எனக்குச் சின்ன வயதில் வந்த போலியோவால் வலது கால் சரியில்லை. சைடு வீல் ஸ்கூட்டிதான் எனக்குக் கால். அதையும் வீட்டுக்காரர் பின்னாலிருந்து தள்ளினால்தான் ரோட்டுக்கு ஏறும்.

அவருக்கோ சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்ட். அவர் வருகிறவரை நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஒருவழியாக, கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் காங்கிரீட் சரிவு போட்டோம்!

மேஸ்திரி போகும்போது சொன்னார்: "ரெண்டு வாரம் தண்ணி ஊத்தும்மா. அதுக்குள்ள லோடு வண்டி ஏறுச்சுன்னா அப்பளம்தான், சொல்லிட்டேன்."

ஈரம் காயாமல் மூடி வைக்கச் சாக்கு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு சரோஜா அக்கா ரெண்டு கட்டு செடியைக் கொண்டுவந்து பரப்பினார். "உளுந்து அடிச்ச செடிதான்டி, சும்மா கெடக்குது. இதும்மேல ஊத்து."

அங்கேதான் கோட்டை விட்டோம்!

எங்கள் பக்கம் உளுந்தைப் பிடுங்கினால் ரோட்டில்தான் பரப்புவோம். வண்டி ஏற ஏற நெற்று உடைந்து உளுந்து உதிரும். ஒதுங்கிப் போகிற டிரைவரைத் திட்டுவோம். மெனக்கெட்டு ஏற்றிவிட்டுப் போகிறவர்தான் நல்லவர்.

(இது எனக்கும் தோன்றவில்லை, அந்த மகராசிக்கும் தோன்றவில்லை.)

நாலாம் நாள் மதியம். நாற்காலியில் உட்கார்ந்து ஹோஸைப் பிடித்திருந்தேன். இதமான வெயில், ஈரச் செடி வாசனை, தண்ணீர் சொட்டுகிற சத்தம். கண் சொருகிவிட்டது.

மனசுக்குள் ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன்! சரிவில் சர்ரென்று ஏறி, கிருமாம்பாக்கம் தாண்டி, கடலூர் ரோட்டில் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே போகிறேன். முந்தானை பறக்கிறது. எங்கே போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சுகம்!

கண்ணைத் திறந்தால், செங்கல் லோடு டிராக்டர் ஒன்று என் சரிவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருக்கிறது! டிரைவர் முகம் கொள்ளாத சிரிப்பு. உதவி செய்கிறாராம்!

"வேணாம்பா! ஏத்தாத!"

"அட சும்மா இரு அக்கா! இதுல எனக்கு இன்னா சிரமம்? ரெண்டு தபா ஏத்தி வுட்டுட்டுப் போறேன்!"

எழுந்து ஓட என்னால் முடியாது. கையில் இருந்தது ஹோஸ் மட்டும்தான். முகத்தைப் பார்த்து அடித்தேன்.

பிரேக்! முன் டயர் சரிவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"இன்னாக்கா இது! நல்லது செய்ய வந்தவன இப்பிடியா அடிப்ப? உளுந்து மேல வேற தண்ணிய ஊத்தி வச்சிருக்க!"

"அது உளுந்து இல்லப்பா... என் வாசல்!"

சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

சொட்டச் சொட்ட இறங்கி வந்து செடியை விலக்கினார். கீழே ஈரமாகக் காங்கிரீட். கேட்டுக்குள் நின்ற என் ஸ்கூட்டியையும் பார்த்தார். "அய்யய்யோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு லோடிலிருந்து செங்கல்லை எடுத்து ரோட்டோரம் வரிசையாக நட்டுவைத்தார். "இந்தப் பக்கம் ஓட்டுறவன் அத்தினி பேருக்கும் சொல்லிட்றேன்க்கா. ஒருத்தனும் ஏத்த மாட்டான். நீ அழுவாத."

ஒருத்தரும் ஏற்றவில்லை. அண்ணே, நீங்கள் இதைப் படித்தால், மன்னிச்சுக்குங்க, ரொம்ப நன்றி!

இன்றோடு ரெண்டு வாரம் முடிந்தது. விடிந்தும் விடியாமல் செடியை எல்லாம் தள்ளிவிட்டு, கேட்டைத் திறந்து, வண்டியை எடுத்தேன். ஏறிவிட்டது! திரும்பி உள்ளே வந்தேன். மறுபடி வெளியே போனேன். மறுபடி உள்ளே.

வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றார். "எங்கடி போற, காலங்காத்தால?"

"எங்கயும் இல்ல. சும்மா."

நீங்கள் முதன்முதலில் யாரையும் கூப்பிடாமல் தனியாக வீட்டைவிட்டு வெளியே போனது எப்போது என்று ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு இருக்கிறது. இன்றைக்குக் காலை, ஆறேகால் மணி.