தொடையில் கட்டிய பட்டை

தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியே என் இடது முழங்கால் தேய்ந்தது. பாயான் பாரு தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாறும் நேரத்து நெரிசலில் வருஷக்கணக்காக கிளட்சை மிதித்தால் வேறென்ன ஆகும்? அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது தொடை சூம்பிப் போயிருந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "கோழிக்கால் மாதிரி இருக்கு," என்றாள். அவள் வயிற்றில் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கேலிக்கு மட்டும் குறைவில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான். அதனால் முருகனிடம் நேரடியாகவே பேசினேன். இவளைக் காப்பாற்று, வரும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் தூக்கி வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். கோழிக்காலை வைத்துக்கொண்டு வேண்டுதலைப் பார் என்று அவள் சிரித்தாள். ஆனால் கெலுகோரில் இருந்த பிசியோ நிலையத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான்.

அங்கே இருந்த பிசியோ பெண் எங்கள் ஆள்தான், தமிழ்ப்பெண், சின்ன வயது. பெரிய எடை ஏதாவது தூக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"வெயிட் வேணாம் அங்கிள், முட்டி தாங்காது. பட்டை கட்டி லேசா செஞ்சா போதும்லா."

தொடையின் மேற்பகுதியில் அகலமான பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும்போது கையைப் பிடிக்குமே, அதே பிடி. காலுக்குப் போகும் ரத்தம் கொஞ்சம் குறையும், திரும்பும் ரத்தம் தேங்கி நிற்கும். அந்த நிலையில் சின்ன எடையைத் தூக்கினாலும் கால் ஏதோ மலையைத் தூக்குவதாக நினைத்துக்கொண்டு சதை வைக்குமாம். காலை ஏமாற்றுகிற வேலை. கடைசிச் சுற்றில் தொடை மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். நான் வாய்விட்டு முனகுவேன்.

"மெதுவா முனகுங்க. பக்கத்துல அப்பேக் பயப்படறாரு," என்பாள் என் மனைவி, முடி கொட்டிய தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி. அந்தச் சீனக் கிழவர் இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்துகொண்டிருந்தவர். அவளைப் பார்த்துத் தலையாட்டிச் சிரிப்பார்.

மருத்துவமனையில் அவளுக்கும் கட்டுவார்கள். ரத்தம் எடுக்க முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கித் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். நரம்பு ஓடி ஒளிந்துகொள்ளும். ஊசி மாற்றி ஊசி குத்துவார்கள். ஒருநாள் அவள் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குக் கட்டினா சதை வைக்குது, எனக்குக் கட்டினா நரம்பே கிடைக்க மாட்டேங்குது," என்றாள். நர்ஸ் சிரித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

சாயங்காலங்களில் வீட்டில் என் மனைவி என் தொடையை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துப் பார்ப்பாள். விரல்கள் தொட்டுக்கொள்ளாமல் போக ஆரம்பித்ததும் அவளுக்கு அத்தனை சந்தோஷம். என் கால் தேறத் தேற அவள் கால் சூம்பியது. வீட்டில் இருந்த சதையெல்லாம் ஒரே பக்கமாகச் சேர்வதுபோல் இருந்தது. எனக்கு வேண்டாம், அவளுக்குக் கொடு என்று முருகனிடம் சண்டை போட்டேன். அவன் காதில் விழவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தைய மாதம் அவள் போய்விட்டாள்.

பிள்ளை இல்லாததால் காரியம் நான்தான் செய்ய வேண்டும். தண்ணீர் நிரம்பிய மண்குடத்தை என் தோளில் ஏற்றினார்கள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்திருந்த மச்சான், "மாமா, முட்டி தாங்குமா, நான் ஒரு பக்கம் புடிச்சிக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவளைக் கிடத்தியிருந்த பெட்டியைச் சுற்றி நடந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து குடத்தில் ஓட்டை போட்டார்கள், தண்ணீர் முதுகில் வழிந்தது. பால்குடத்துக்காகத் தேற்றிய கால் இந்தக் குடத்தைத்தான் முதலில் சுமந்தது. முட்டி ஒருமுறைகூட நடுங்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

துக்க வீடு ஒரு வருஷம் மலை ஏறக்கூடாது என்று மச்சான் நினைவுபடுத்தினார். ஏறி மட்டும் யாருக்காகக் கேட்கப்போகிறேன்?

கருமகாரியம் முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல் கெலுகோருக்குப் போனேன். பிசியோ பெண்ணுக்கு எதுவும் தெரியாது. தொடையை அளந்து பார்த்துவிட்டு, "ரெண்டு காலும் ஒன்னாயிடுச்சு அங்கிள். இனிமே மலை ஏறலாம்," என்றாள். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். "ஆன்ட்டி வரலையா?"

சொன்னேன். அவள் கையிலிருந்த டேப்பைச் சுருட்டி வைத்தாள். "இன்னிக்கு வேணாம் அங்கிள், வீட்டுக்குப் போங்க," என்றாள்.

"கட்டும்மா," என்றேன்.

கட்டினாள். கடைசிச் சுற்றில் தொடை எரிந்தது. வீட்டுக்கு வந்துபோனவர்கள் முன்னால் வராத அழுகை அப்போது வந்தது. அடக்கவில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்து அப்பேக் எட்டிப் பார்த்தார். பட்டை இறுக்குகிறது என்று நினைத்திருப்பார்.

"சிக்கிட் லாகி," என்று மலாயில் என்னைத் தேற்றினார். இன்னும் கொஞ்சம்தான்.