அதற்குப் பெயர் பாசம் இல்லை

என் தங்கையை யாராவது பாசக்காரி என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்ல வார்த்தைதானே, இதற்குப் போய் ஏன் இத்தனை கோபம் என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அறிவு என்றால் கணக்கு. அப்பாவுக்கு வெலிங்டன் தீவில் துறைமுக அலுவலக வேலை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிகிற நேரத்தில் பாயசப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு எங்களிடம் மனக்கணக்குக் கேட்பார். விடை சொன்னவர் இலையில்தான் முதலில் பாயசம் விழும். அண்ணாவுக்கு முதலில், எனக்கு அடுத்து. தங்கைக்கு எப்போதும் கடைசியில்தான். "மண்டு" என்று சிரித்துக்கொண்டே ஊற்றுவார். கேலிதான். ஆனால் கேலி செய்து செய்தே ஒரு ஆளை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம். பத்தாவதில் அவள் தோற்றபோது வீட்டில் யாரும் வருத்தப்படக்கூட இல்லை. அண்ணா காக்கநாட்டில் மென்பொருள் வேலைக்குப் போனான், நான் எறணாகுளத்தில் வங்கிக்குப் போனேன். அம்மா இறந்த பிறகு அப்பாவுக்குச் சமைத்துப்போட அவள் வீட்டோடு இருந்துவிட்டாள்.

அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல், "நாளைக்கு". தண்ணீர் வேண்டுமென்றாலும் நாளைக்கு, கால் வலித்தாலும் நாளைக்கு, கோபம் வந்தாலும் அதேதான்.

ஒருநாள் அவருடைய பழைய அலுவலக நண்பர் பார்க்க வந்திருந்தார். அண்ணா கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அப்பா திடீரென்று "நாளைக்கு, நாளைக்கு" என்று கத்திக் கட்டிலை அடித்தார். அண்ணா கஞ்சியை ஆற்றினான். நான் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். கத்தல் நிற்கவில்லை. சமையலறையிலிருந்து வந்த தங்கை வாசலில் நின்று அப்பாவைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "மாமா, வாங்கோ, சாயா குடிக்கலாம்" என்று நண்பரை வெளியே கூட்டிப் போனாள். அப்பா அடங்கிவிட்டார்.

"சிநேகிதர் முன்னாடி கஞ்சி ஊட்டிக்கறது அப்பாக்கு வெக்கமாக்கும். உங்களுக்கு மனசிலாகல்லியா?" என்றாள் எங்களிடம்.

"இவளுக்கு அப்பா மேலே பாசம் ஜாஸ்தி" என்றான் அண்ணா.

பாசமாம்! எனக்கும்தான் அப்பாமேல் பாசம். அந்தப் பாசத்தை வைத்துக்கொண்டு மின்விசிறியைத்தான் கூட்ட முடிந்தது. அவள் பார்த்தாள், யோசித்தாள், அது இல்லை இது இல்லை என்று தள்ளித் தள்ளிக் கண்டுபிடித்தாள். இதையே அண்ணா கணினியில் செய்தால் மூளை, இவள் செய்தால் மனசு. மனசு என்று சொல்லிவிட்டால் வசதி. ஆயுசு முழுக்க ஒருத்தியை அடுப்படியில் வைத்துக்கொள்ளலாம், மரியாதை தர வேண்டியதில்லை.

அவளிடம் இருந்தது என்ன என்று வெளியாள் ஒருவருக்குத்தான் தெரிந்தது. பள்ளுருத்தியில் அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த சேச்சி, தங்கை அப்பாவோடு இருக்கும் விதத்தைக் கவனித்திருக்கிறார். பேச்சு இழந்தவர்களோடு உட்கார்ந்து பழகத் தன் பயிற்சி நிலையத்துக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். நாற்பதை நெருங்கும் வயதில், முதல்முறையாக ஒருவர் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். போனில் அதைச் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் வீட்டில் கூடியபோது அண்ணா எடுத்த எடுப்பிலேயே மறுத்தான். "பத்தாங்கிளாஸ் பாஸாகாதவளுக்கு அங்கே என்ன வேலை? அப்பாவை யார் பாத்துக்கறது?"

"நீ வீட்டிலேர்ந்துதானே வேலை செய்யறே. லாப்டாப்பை இங்கே கொண்டுவா" என்றேன்.

"எனக்கு அதெல்லாம் வராது" என்றான், ஏதோ பட்டம் வாங்கியவன் மாதிரி. கடைசியில், "அப்பாவையே கேட்டுடலாம்" என்றான்.

மூன்று பேரும் கட்டிலருகே போனோம், அண்ணா கையில் போனோடு. தங்கை குனிந்து விஷயத்தை நிதானமாகச் சொன்னாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, அண்ணாவுக்கும் விளங்கவில்லை. அதன் பொருள் தெரிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான். போகச் சொல்கிறார் என்று அவள் சொல்லியிருந்தால் யாரால் மறுத்திருக்க முடியும்?

"போகண்டாம்னு சொல்றார்" என்றாள்.

அண்ணாவின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. அவனை விட்டுவிட்டு அவள்மேல் பாய்ந்தேன். "மாத்திச் சொன்னா என்னடீ உனக்கு?"

"அப்பாக்கு இருக்கறது ஒரு வார்த்தை, அக்கா. அதையும் நான் மாத்தினா வேறே என்ன இருக்கு அவருக்கு?" என்றாள். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடமே சொன்னாள். "நீங்க சொன்னதை சொல்லியாச்சு, அப்பா. ஆனா நான் போறேன். திங்கக்கிழமை மொதல்."

அண்ணா பதறினான். "அப்போ அப்பா என்ன சொல்றார்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போனை கீழே வெச்சுட்டு அவர் மூஞ்சியைப் பாரு, அண்ணா" என்றாள். "நானும் அப்படித்தான் படிச்சேன்."