தவக்காலத்து எலி

சிட்னி மிருகக் காட்சிச்சாலையில் மகளோடு ஒரு வேலியடியில் நிற்கிறேன். உள்ளே சேற்றுத் தண்ணீரில் பன்றியளவு எலி. கப்பிபாராவாம், தென் அமெரிக்கச் சதுப்பு நிலத்துச் சீவனாம்.

பக்கத்தில் நிற்கிற வெனிசுவேலாப் பெண் மகளுக்கு இங்கிலீசில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.

"அம்மா, இவவின்ரை ஊர்ச் சனமும் எங்களைப்போலை வேதக்காரர்தான், கத்தோலிக்கர். தவக்காலத்திலை இறைச்சி தொடாயினமாம், ஆனால் இதைத் தின்னுவினமாம். தண்ணிக்கை கிடக்கிறபடியால் இது மீனாம். அந்தக் காலத்துக் கோயில் சாமிமாரே, பாதிரிமாரே சொன்னதாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் மன்னாரில் மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள். தவக்காலம் நாற்பது நாளும் மீனைக்கூட வாயில் வைக்கமாட்டேன். இன்றைக்கும் சோறும் பருப்பும்தான். தெரியாத ஆட்களோடு கதைக்க எனக்குக் கூச்சம். ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"பிள்ளை, அங்கை பார், குட்டியளுக்குப் பால் குடுக்குது. எந்த மீன் பால் குடுக்கும்?"

மகள் நெளிந்துகொண்டே அதை இங்கிலீசில் சொல்கிறாள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்கிறாள். கரையில் நாலு குட்டிகள் தாயின் வயிற்றை முட்டுகின்றன. அவளுடைய சிரிப்பு நின்றுவிடுகிறது.

"இதை ஊரிலை இருக்கிற தன்ரை தாய்க்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு கேக்கிறா அம்மா."

"தாயை விடு. அந்தச் சாமிமாரிட்டைப் போய்ச் சொல்லச் சொல்லு!"