கடுகண்ணாவை வளைவில் ஜன்னல் சீட்

கண்டி–கொழும்பு மலைப்பாதையில் கடுகண்ணாவை வளைவை பஸ்ஸில் கடந்தால் என் இதயம் நின்றுவிடும் என்று இரண்டு வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். விஞ்ஞான ஆதாரம் ஒன்றுதான்: என் மனைவியின் இதயம் அங்கேதான் நின்றது. என் தோளில் சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, அடிவாரத்து மாவனல்லை வரைக்கும் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்த புத்திசாலி நான்.

அதன்பின் எங்கே போவதென்றாலும் ரயில்தான். அன்று பார்த்துத் தண்டவாளத்தில் மண் சரிந்துவிட்டது. மறுநாள் கொழும்பில் பேத்திக்குக் காதுகுத்து. மகளுக்கு அண்ணன் தம்பி கிடையாது; மாமன் மடிக்குப் பதிலாக என் மடி என்று முன்பே முடிவாகியிருந்தது. வேறு வழியில்லாமல் கண்டியில் பஸ் ஏறினேன். ஜன்னலோரத்தில் பையை வைத்துவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இருபத்தாறு வருடங்களாக ஜன்னல் சீட் அவளுக்குத்தான். எனக்கும் அது பிடிக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பேராதனையில் பஸ் நிறைந்தது. என் வயதிருக்கும் ஓர் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர், பையைக் காட்டிக் கேட்டார்.

“அண்ணை, இதிலை ஆர் வாறது?”

“என் சம்சாரம்.” வாய் தானாகச் சொன்னது.

“எங்கை ஏறுறா?”

பையின் பட்டியைச் சரிசெய்தேன். அவர் நின்றபடியே வந்தார். கடுகண்ணாவைக் கடைகள் முடிந்து இறக்கம் நெருங்கியதும் நெஞ்சு இறுகியது. விரல்கள் மரத்தன. மனதுக்குள் எனக்கு மரண அறிவித்தலே எழுதிவிட்டேன். எந்தப் படம் போடுவது என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. அப்போது பஸ் நின்றது. எனக்காகத்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று உருகிப்போய்க் கண்டக்டரின் கையைப் பிடித்தேன்.

“பெரிய உதவி தம்பி. ஆஸ்பத்திரி கிட்டத்துலதானே?”

“பிள்ளையாருக்குக் காசு போடணும்ணே. கைய விடுங்க.”

இறக்கத்துக்கு முன் ரோட்டோரக் கோயிலில் நிறுத்தி உண்டியலில் சில்லறை போடாமல் அந்தப் பக்கம் எந்த பஸ்ஸும் போகாது. அதைக்கூட மறந்திருந்தேன். கண்டக்டர் குதித்து இறங்கி, நெற்றியில் விபூதியோடு திரும்பி வந்ததும் பஸ் இறங்கத் தொடங்கியது.

“நான் சாகப் போறேன்,” என்றேன், பக்கத்தில் நின்ற அம்மாவிடம்.

“சாகிற ஆள் ரெண்டு சீற் பிடிக்கமாட்டார். தள்ளி இருங்கோ, எனக்குக் கால் உளையுது.”

பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்தேன். அவர் இஞ்சி டொபி ஒன்றை நீட்டினார். தாள் டொபியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. நகத்தால் சுரண்டி, பல்லால் கடித்து, ஒருவழியாக வாயில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இஞ்சி மட்டும் காரணமில்லை.

“எப்ப போனவா?” என்று மடியிலிருந்த பையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“ரெண்டு வருஷம். இந்த வளைவுலதான்.”

“எந்த வளைவு?”

காட்டுவதற்காக ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வளைவு எப்போதோ பின்னால் போயிருந்தது.

மறுநாள் பேத்தி என் மடியில் உட்கார்ந்து வீரிட்டு அழுதாள். ஊருக்குத் திரும்பும்போதும் பஸ்ஸில்தான் வந்தேன், ஜன்னல் சீட்டில்.