கவிழ்த்து வைத்த கப்பு

எங்கள் ஷூ கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்கும் கோதண்டராமனைப் பற்றி ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு திட்டு விழும், பிறகுதான் விவரம் வரும். நானும் திட்டியவள்தான். சாயங்காலம் ஷிப்ட் விட்டு எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில் அவர் மேசையில் பையை வைத்துத் திறந்து காட்ட வேண்டும். டிபன் காரியர் என்றால் ஒவ்வொரு அடுக்கையும் கழற்றிப் பார்ப்பார்.

"இன்னாமா இது?"

"மிச்சம் தயிர் சாதம் சார்."

"தயிர் சாதம் இவ்ளோ கெட்டியாவா இருக்கும்?" என்று ஸ்பூனால் குத்தியும் பார்ப்பார். அதற்குள் பஸ் போய்விடும்.

மனிதருக்கு நாட்றம்பள்ளிப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் கேட்டுக்கு வருமுன் ராணிப்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தார். தேங்காயை ஆட்டிப் பார்த்து வாங்குவது உலக வழக்கம். இவர் வாங்கிய பிறகு வீட்டு வாசலிலும் ஒருமுறை ஆட்டுவார், வழியில் எவனாவது மாற்றிவிட்டானோ என்று. கல்யாணப் பந்தியில் செருப்பைக் கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். "நான் தும்முனாக்கூட எதுக்குத் தும்முனேன்னு கேப்பாரு" என்று அவர் மனைவி ஜெயம்மாள் அக்கா சந்தையில் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

கேட் ரூமில் மற்ற செக்யூரிட்டிகள் சாப்பாட்டு நேரத்தில் சீட்டாடுவார்கள். இவரைச் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சீட்டை எண்ணிப் பார்க்கணும் என்கிறவரோடு யார் ஆடுவது? தனியாக உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, யாரும் வராத கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாவம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவரிடம்தான் ஒரு சனிக்கிழமை என் அண்ணன் பிரேம்நாத் மாட்டிக்கொண்டான்.

நான் தையல் செக்ஷன், அண்ணன் சாம்பிள் செக்ஷன். அன்று அவன் டிபன் காரியருக்கு அடியில், துணி சுற்றி ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. டப்பாவுக்குள் கட்டைவிரல் உயரத்தில் சிப்பாய்கள். அவர்களுக்குக் கீழே பழுப்பு நிறத் தோல் துண்டுகள்.

சிப்பாய்களை அண்ணனே செய்வான். கம்பியை வளைத்து, எம்-சீல் பூசி உடம்பு வைத்து, காய்ந்ததும் ஊசிமுனைப் பிரஷ்ஷால் மீசை வரைக்கும் எழுதுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் நூலும் ஷூ ஒட்டுகிற பேஸ்ட்டும் விற்கிற வாஹித் பாஷா கடை மாடியில் அவர்களை வைத்து நாங்கள் மேசைச் சண்டை ஆடுவோம். தோல் துண்டுகள் அந்த மேசைக்குப் பாலாறு செய்ய; ஆற்றின் அகலம் ஒத்துப் பார்க்கத்தான் சிப்பாய்களையும் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தான். வெட்டி ஒதுக்கிய கழிவுதான், செக்ஷன் இன்சார்ஜும் வாயால் "எடுத்துக்கோ" என்றிருந்தார். ஆனால் கேட் பாஸ் வாங்கவில்லை. கல்யாணமான ஆம்பளை பொம்மை வைத்து ஆடுகிறான் என்று சிரிப்பார்களே என்ற கூச்சத்தில் எல்லாவற்றையும் ஒளித்து எடுத்து வந்தான். மடியில் கனம், வழியில் பயம். அந்தப் பயம் முகத்தில் தெரிந்தால் கோதண்டராமன் விடுவாரா?

டப்பாவைக் கிளறியவர் ஒரு பொம்மையை எடுத்துக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். காக்கிச் சட்டை, விசில், முன்னால் தள்ளிய தொப்பை.

"யாருப்பா இது?"

கோட்டை வாசல் காவலுக்கு அண்ணன் கோதண்டராமனையே செய்து வைத்திருந்தான்.

"அவனுக்கு மட்டும் இன்னாத்துக்குத் தொப்பை?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோதண்டராமன் முகம் இறுகிவிட்டது. தோல் துண்டுகளை அங்கேயே கவரில் போட்டு எடுத்து வைத்தார். "திங்கக்கிழமை மேனேஜர் கையில குடுத்துடுவேன். வெளியில யாருக்கு விக்கறேன்னு அவருகிட்ட சொல்லு."

தோல் திருடினான் என்று ஒருமுறை பேர் விழுந்துவிட்டால் ஆம்பூரில் மட்டுமல்ல, ராணிப்பேட்டை வரைக்கும் எந்தக் கம்பெனியும் அவனை உள்ளே விடாது. "சார், நெஜமாவே ஞாயித்துக்கிழம பாஷா பாய் கடை மாடியில விளையாடறதுக்குத்தான்" என்று கெஞ்சினேன்.

"ஆதாயம் இல்லாம எவன்மா ஞாயித்துக்கிழமைய வீணாக்குவான்? அதுல அப்படி இன்னா இருக்குது?" சற்று யோசித்தார். "நாளைக்கி நானே வர்றேன். கண்ணால பாத்துட்டுத்தான் பேசுவேன்."

ஞாயிறு மத்தியானம் சர்ச் முடிந்து நாங்கள் போவதற்கு முன்பே அவர் பாஷா கடை வாசலில் நின்றார். கையில் பேப்பர் சுருள். மாடியேறியதும் மேசையைச் சுற்றி வந்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். ஒரு பக்கம் அட்டைக் கோட்டை, மறுபக்கம் எதிரிப் பாளையம், நடுவில் உண்மை மணல் ஒட்டிய இரண்டு கரை. கரைகளுக்கு நடுவே வெறும் பலகை. அவர் சுருளைப் பிரித்தார். கவரில் இருக்கும் தோல் துண்டுகளின் அச்சில் பழைய செய்தித்தாளை வெட்டி எடுத்து வந்திருக்கிறார்! கம்பெனி தோலை அவரே வெளியே கொண்டுவரக்கூடாதாம். ஒவ்வொன்றாக அந்த இடைவெளியில் வைத்தார். வளைவுக்கு வளைவு கச்சிதமாகப் பொருந்தியது.

எனக்கு மூச்சு வந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"ராவோட ராவா கரைய மாத்தி ஒட்டியிருக்கலாம்" என்றார். "சரி, இதுல இன்னா இருக்குது? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"எனக்கு இதுங்களுக்கு முகம் எழுதறதுதான் பிடிக்கும் சார். அப்புறம் அதுங்க போயி நிக்கறதப் பாக்கணும்" என்றான் அண்ணன்.

"எனக்குக் கெலிக்கணும். தோத்தாலும் வாரம் பூரா அத நெனச்சிக்கினே யாவாரம் பண்ணுவேன்" என்றார் பாஷா பாய்.

தைக்கிற நேரமெல்லாம் மெஷின் சொல்கிறபடி கேட்கிறேன், இங்கே மட்டும் என் பேச்சுக்குப் பத்துப் பேர் நடக்கிறார்கள் என்றேன் நான்.

"ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. ஒத்துவரலியே" என்றார். எல்லோரும் ஒன்றையே சொல்லியிருந்தால், பேசி வைத்திருக்கிறீர்கள் என்றிருப்பார். பாஷா பாய்க்குப் பேஜாராகிவிட்டது. "அரே, கேட்டா தெரியாது அண்ணே. ஒக்காந்து ஆடுங்க."

கோட்டை பாஷா பாய்க்கும் அண்ணனுக்கும், படையெடுப்பு எனக்கும் கோதண்டராமனுக்கும். அண்ணனும் தங்கையும் எதிரெதிரே இருந்தால் கண் காட்டிக்கொள்வோம் என்று என் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். தாயக்கட்டையை, அதாவது ஆறு பக்கத்திலும் புள்ளி போட்ட கட்டையை, வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து வேறொன்றை எடுத்து வைத்தார். வழியில் வாங்கினாராம். பாஷா பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

விதிகள் சின்னவை. நடக்கிறவன் ஒரு தடவைக்கு ஒரு சாண் போகலாம், குதிரை இரண்டு சாண். மோதினால் கட்டை உருட்டி, அதிகப் புள்ளி விழுந்தவன் ஜெயிப்பான். பாலாறு காய்ந்து கிடக்கும், தாராளமாக நடக்கலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆற்றுக்கும் ஒரு கட்டை உருட்ட வேண்டும். ஆறு புள்ளி விழுந்தால் வெள்ளம், ஆற்றில் நிற்பவன் போய்விட்டான். கோட்டைக்காரர்கள் தங்கள் மறைவுப்படையைக் காகித டீ கப்புகளைக் கவிழ்த்து அதற்குள் வைப்பார்கள். சில கப்பு காலி. ஒரு சாண் தூரத்துக்குள் ஆள் போனால் மட்டும் கப்பைத் தூக்கலாம்.

இது காதில் விழுந்ததும் கோதண்டராமனின் கை தானாகவே ஒரு கப்பை நோக்கிப் போனது. பாஷா பாய் அந்தக் கையைப் பிடித்தார். "கிட்ட போயி தொறங்க."

"போற வழியில ஆளு செத்துட்டா?"

"அதான் ஆட்டம்."

முதலில் கோட்டை வாசலைத் தாக்கினோம். வாசலில் நின்றது அந்தத் தொப்பைக் காவல்காரன். கோதண்டராமன் கட்டை உருட்டினார், தோற்றார். மறுபடியும் குதிரைகளை அனுப்பினார், காவல்காரன் அவற்றையும் விரட்டினான். நான் தலையில் கை வைத்தேன். அவரோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் நிக்கிற கேட்டுல எவன் உள்ள போவ முடியும்?" என்றார். தோற்ற மனிதர் மீசையைத் தடவியதை அன்றுதான் பார்த்தேன்.

மிச்சம் இருந்தது ஆற்று வழி. அக்கரையில் ஒரே ஒரு கப்பு. காலியென்றால் கோட்டையின் பின்பக்கம் எங்களுக்கு. ஆள் இருந்தால் நாங்கள் ஆற்றில் பிணம். கோதண்டராமன் கப்பைப் பார்த்தார், பாஷா பாய் முகத்தைப் பார்த்தார், அண்ணன் முகத்தைப் பார்த்தார். "பாய் சிரிக்கிறாரு. காலின்னா சிரிக்க மாட்டாரு. இல்ல, நான் அப்படி நெனைக்கணும்னே சிரிக்கிறாரா?" அவர் நெற்றியில் வியர்வை. கேட்டில் அவர் கை நீட்டினால் எந்த மூடியும் திறக்கும், ஒரு செலவும் இல்லை. இங்கே சந்தேகப்பட்டு நின்றால் பொழுது போய்விடும், சந்தேகப்படாமல் போனால் உயிர் போய்விடும். இப்படிக் கஷ்டப்பட்டுச் சந்தேகப்பட அந்த மனிதருக்கு யாரும் இதுவரை இடம் கொடுத்ததில்லை. நாளை என்ன ஆகுமோ என்பதைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனேன்.

எங்கள் ஆட்களை ஆற்றுக்குள் இறக்கினார். வெள்ளக் கட்டை உருண்டது. ஆறு புள்ளி விழவில்லை. "அப்பாடா!" என்று அவர் கத்தியதில் கீழே தெருநாய் குரைத்தது. அந்த நேரம் பார்த்துத் தொழுகைக்கு அழைப்பு கேட்டது.

"மீதி அடுத்த ஞாயித்துக்கிழம" என்று பாஷா பாய் எழுந்து தொழப் போனார். அண்ணன் டீ வாங்க இறங்கினான். எனக்குக் கீழே சின்ன வேலை இருந்தது. இல்லை, பொய் சொல்வானேன், அவரைச் சோதிக்கத்தான் இறங்கினேன். தனியாக விட்டால் கப்பைத் தூக்கிப் பார்த்துவிடுவார். பார்த்துவிட்டால் அவருக்கு இது விளையாட்டே இல்லை, வெறும் விசாரணை. அண்ணன் கதை முடிந்தது. போகும்போது ஒரு துண்டு நூலை அந்தக் கப்பின் மேல் போட்டுவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது நூல் போட்டபடியே இருந்தது. அவர் ஜன்னலருகே நின்றிருந்தார்.

"நூல் போட்டுட்டுப் போனியே, நான் பாக்கலன்னு நெனச்சியா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. பார்த்தவர், தூக்கிப் பார்த்துவிட்டு நூலைத் திரும்பப் போட்டிருக்கலாமே? கேட்கத் துணிவில்லை. அவர் டீயைக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிப் போனார். அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை மேனேஜர் இஷ்தியாக் அகமது ரூமில் ஒட்டிய கவர் மேசைமேல் இருந்தது. அண்ணன் நின்றான், சாட்சியாக நான் நின்றேன். கோதண்டராமன் நடந்ததைச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. பாஸ் இல்லாமல் எடுத்தது தப்பு, ஒளித்தது அதைவிடத் தப்பு என்றார். "ஆனா விக்கல சார். விளையாட்டுத்தான்."

மேனேஜர் லேசில் நம்புகிறவர் இல்லை. "உங்க முன்னால ஒரு நாள் ஆடிக் காட்டியிருப்பாங்க. பெரிய ஆளுங்க தோல் திருடி பொம்மைக்கு ஆறு கட்டினோம்னு சொன்னா நான் நம்பணுமா? அந்தக் கப்புல என்ன இருந்துச்சு?"

"தெரியாது சார்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தெரியாதா?"

"ஆட்டம் பாதியில நிக்குது சார்."

மேனேஜர் அண்ணன் பக்கம் திரும்பினார். "அங்க வச்சது நீதானே? நீ சொல்லு. என்ன இருக்கு அதுல?"

அண்ணன் வாயைத் திறந்தான். "ஐயோ வேணாம் சார்!" என்று கோதண்டராமன் பாய்ந்துபோய் அவன் வாயைப் பொத்தினார். "சொல்ல வச்சிடாதீங்க சார். என் ஆளுங்க ஆத்துல நிக்கறாங்க!"

மேனேஜரின் கார் டிக்கியையே தினமும் திறந்து பார்க்கிற மனிதர் அவர். மேனேஜர் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கவரை அண்ணன் பக்கம் தள்ளினார். "இனிமே பாஸ் வாங்கிட்டு எடுத்துட்டுப் போ" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அண்ணன் கேட் பாஸோடு போனான். கோதண்டராமன் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், டிபன் காரியரின் ஒவ்வொரு அடுக்கையும் கழற்றினார். பின்னால் வரிசையில் எல்லோரும் திட்டினார்கள். நான் திட்டவில்லை. என் முறை வந்தபோது பையைத் திறந்து வைத்தேன். அவர் அதற்குள் தலையை விட்டபடியே குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்மா, ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் கப்ப பாய் மாத்திட மாட்டாரே?"