அன்று மாமா நழுவவில்லை

கண்டிப் பக்கத்துத் தெல்தோட்டை மைதானத்தில் மைக் கை மாறிய அந்த நொடி இன்னும் என்னை விடவில்லை. அமைச்சர் சிங்களத்தில் ஒரு வாக்கியத்தை முடித்து, தானே சிரித்துக்கொண்டு மைக்கை நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டார்.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா, ஓய்வுபெற்ற தபால்காரர். தேர்தல் வந்தால் சிங்களத் தலைவர்களின் பேச்சைத் தேயிலைத் தோட்டத்து மக்களுக்குத் தமிழில் சொல்பவர் அவர்தான். உண்மையில் எங்கள் சனங்களுக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். ஆனாலும் தமிழில் ஒருவர் சொல்லாவிட்டால் கூட்டம் கூட்டமாக இருக்காது. மேடையில் எதிராளியைத் திருடன் என்றால் மாமா "கைச்சுத்தம் கொஞ்சம் குறைஞ்சவரு" என்பார். கழுதை என்றால் "பாவம், யோசிக்க நேரமில்லாதவரு" என்பார். திட்டுக்கு ஒரு சிரிப்பு, அவர் நழுவுவதற்கு அதைவிடப் பெரிய சிரிப்பு. கைதட்டல் தங்களுக்கென்று நினைத்துத் தலைவர்கள் கும்பிடுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் எங்களுக்கும் ஒரு காரியம் இருந்தது. என் மனைவி மொனராகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வெள்ளி இரவு கண்டிக்கு வந்து ஞாயிறு திரும்பிவிடுவாள். நேசரி போகும் மகள், "அம்மா எப்ப வருவாங்க?" என்று தினமும் என்னைப் படுத்தி எடுப்பாள். இடமாற்றத்தை முடித்துத் தருவதாக அமைச்சர் மாமாவிடம் சொல்லியிருந்தார். கூட்டம் முடிந்ததும் கடிதத்தோடு போய் நிற்பதற்காகத்தான் நான் லீவு போட்டு வந்திருந்தேன்.

அமைச்சர் சொன்னது எதிர்த்து நின்ற வேட்பாளரைப் பற்றி. அவருக்கெல்லாம் எதற்குப் பாராளுமன்றக் கதிரை, கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கத்தான் லாயக்கு என்றார். முன்வரிசையில் நின்றதெல்லாம் அன்று காலை கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள். அவர்கள் நடுவில் என் அத்தை, மாமாவின் மனைவி, தலைத்துண்டைக்கூட அவிழ்க்காமல் நின்றிருந்தார்.

மாமா எப்படி நழுவப்போகிறார் என்று எல்லோரும் பார்த்தோம். அவர் நழுவவில்லை. "கூடைய மாட்டிக்கிட்டு கொழுந்து எடுக்கத்தான் லாயக்குன்னு ஐயா சொல்றாரு" என்று நிறுத்தி, நிதானமாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அமைச்சர் வழக்கமான கைதட்டலுக்காகக் கையைக் கூப்பியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி நடந்தார்கள். கடிதம் என் சட்டைப்பையிலேயே கிடந்தது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "மாமா, எல்லாருக்கும் விளங்கினதுதானே. வழக்கம்போல ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாமே?"

"விளங்கினதாலதான் மாப்பிள்ள" என்றார். "உங்க அத்த காதுல விழுந்தத, விழலன்னு அவ மொகத்தப் பாத்து நா எப்படிச் சொல்றது?"

அவர் சொன்னது விளங்கியது. ஆனால் கோபம் தீரவில்லை. இன்றுவரை முழுதாகத் தீரவில்லை என்பதே உண்மை.

மாமா போய்ச்சேர்ந்துவிட்டார். இப்போது திட்டுக்கு மேடையும் தேவையில்லை. பாராளுமன்றத்தில் ஒருவர் இன்னொருவரை மாடு என்றால், நான் வேலைக்குப் போகும் பஸ் பேராதனைச் சந்தியைத் தாண்டுவதற்குள் பாதிப் பேர் போனில் பார்த்துச் சிரித்துவிடுகிறார்கள். கிரிக்கெட்டில் ஒருவன் பிடியைத் தவறவிட்டால் அவன் தாயை இழுக்கிறார்கள். யாரைக் குறிவைத்துச் சொன்னார்களோ அவரோடு ஒரு திட்டும் நிற்பதில்லை. பக்கத்தில் சும்மா நிற்பவர்கள்மேல்தான் போய் விழுகிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இன்று காலை அதே அமைச்சரின் ஆள் என்னை அழைத்தார். நாளைக்குக் கூட்டமாம், தமிழில் சொல்ல நான் வரவேண்டுமாம். "மாமா மாதிரி வேணாம், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. டீச்சர்ட மாற்றத்தையும் அப்பிடியே பேசிக்கலாம்" என்றார். மகள் இப்போது அம்மா எப்போது வருவாள் என்று கேட்பதையே விட்டுவிட்டாள்.

மனைவிக்குப் போன் செய்து சொன்னேன்.

"எனக்கு அந்த மாற்றம் வேணுங்க, வேணாம்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு, "ஆனா அம்மாவுக்கு அதுக்குள்ள சேதி போயிருச்சு, நாளைக்கு லீவு போட்டிருக்காங்களாம். நீங்க பேசுறதக் கேக்க முன்னுக்கே வந்து நிக்கப்போறாங்களாம்."